குழுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம்: வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு முதலில் என்ன செய்வது? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்)

குடியாத்தம்_ஊக்குநர்:

வணக்கம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். கூட்டத்தில் உரக்க வாசிக்கும்படி இருக்க வேண்டும். பீடி சுற்றுகிறவர்கள், தறியில் இருப்பவர்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் என்று பலரும் கேட்பார்கள். சட்டப் புத்தக நடை வேண்டாம்.

கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மூன்று. முதலில் எங்கே போவது: ஸ்டேஷனா, சமூகநல அலுவலகமா, கோர்ட்டா? ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்து "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று எழுதி வாங்கினால் போதுமா? "பிள்ளைங்களுக்காக அங்கேயே இருந்துடறேன்" என்று அவள் சொன்னால் குழு என்ன செய்வது?

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். யாருடைய கதையும் வேண்டாம், பெயர் வேண்டவே வேண்டாம். ஊரையும் வேலையையும் சேர்த்துச் சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும்.

காட்பாடி_வழக்குரைஞர்:

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கும் தாளுக்கு எந்த வலுவும் கிடையாது. மறுவாரம் கணவர் மறுபடி அடித்தால், தாளில் எழுதியதை மீறினார் என்பதற்காக அவர் மீது எதுவும் செய்ய முடியாது. மறுபடி புகார், மறுபடி பேச்சு, இன்னொரு தாள். இதற்கு நடுவில் "என்னைப் போலீஸ் வரைக்கும் இழுத்தியா" என்ற கோபம் மட்டும் அவரிடம் கூடியிருக்கும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால், மீறியதே 31ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட்தான் முடிவு செய்யும். உங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால், "தாள் வாங்காதே, உத்தரவு வாங்கு" என்று எழுதுங்கள்.

எங்கே போவது என்பதற்கு வருவோம். மூன்று வாசலுமே திறந்திருக்கிறது, ஆனால் மூன்றும் வேறு வேறு வேலைக்கு. உயிருக்கு ஆபத்தென்றால் அவசர உதவி எண் 112. பாதுகாப்பு, வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு வேண்டுமென்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உட்காரும் பாதுகாப்பு அலுவலர். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்பி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். இதற்குக் கட்டணம் இல்லை. அந்த அறிக்கை இல்லாமலே வழக்குரைஞர் மூலமும் மனு போடலாம், அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வக்கீல் ஃபீஸ் இல்லையென்று யாரும் திரும்பிப் போக வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். வேலூருக்கு அது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. போனில் 15100.

மாவட்டக் குழப்பம் ஒன்று உண்டு. 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்த பிறகும் பலர் ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வேலூருக்கே பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குத் திருப்பத்தூர் அலுவலகம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. ஆனால் ஒரு வசதி: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும், வேலை பார்க்கும் ஊரிலும் மனு போடலாம் (27ஆம் பிரிவு). ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள் அம்மா வீட்டுக்குக் குடியாத்தம் வந்துவிட்டால், குடியாத்தம் கோர்ட்டிலேயே போடலாம். கணவர் ஊருக்குத் தனியாகப் போய் வாய்தாவுக்கு நிற்க வேண்டியதில்லை.

மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி மனுக்கள் இங்கேதான் நொண்டியடிக்கின்றன. "பலமுறை துன்புறுத்தினார், கொடுமைப்படுத்தினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும். மாஜிஸ்திரேட்டுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று சம்பவங்களைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்: முதல் முறை, மிக மோசமான முறை, கடைசி முறை. தேதி நினைவில்லையென்றால் "ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம்", "பெரியவனுக்குக் காலாண்டுப் பரீட்சை நடந்தபோது" என்று எழுதினாலும் போதும்.

அவசரமென்றால் 23ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பை அழைக்கும் முன்பே இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்குத் தனி உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். பல மனுக்களில் அதை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள், இடைக்கால உத்தரவும் நழுவிவிடுகிறது. அடுத்தது, தடை எந்தெந்த இடத்துக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: அம்மா வீட்டு முகவரி, கம்பெனி கேட், பிள்ளைகளின் பள்ளி, போன், வாட்ஸ்அப். "தொந்தரவு செய்யக்கூடாது" என்று மட்டும் உத்தரவு வந்தால், கம்பெனி கேட்டில் நின்று கூச்சல் போடுகிறவர் "நான் வீட்டுப் பக்கமே போகலையே" என்று வாதாடுவார்.

பாலாறு_செவிலி:

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதுகிறேன். வழக்குரைஞர் சார் சொன்ன எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம் அங்கேதான் உருவாகிறது, அங்கேயேதான் அழியவும் செய்கிறது.

காயத்தோடு வந்தால் விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதுவார். எல்லோரும் ஏ.ஆர். என்பார்கள். "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்ற பதில்தான் வரும். அது அப்படியே பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். "அவங்களோட தனியா பேசணும், மத்தவங்களை வெளியே இருக்கச் சொல்லுங்க" என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை. யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு என்று நான்கையும் சொல்ல வேண்டும். "கணவர், இரும்புக் கம்பி, வீட்டில், நேற்று இரவு 10 மணி." அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் புகார் கொடுக்காததால் சிகிச்சை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறு எதுவானாலும் இதே முறைதான்.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். "ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் ஊசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள், நெரித்தபோது நினைவு தப்பியது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது, தலைசுற்றல்: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் அங்கே ரத்தம் உறைந்து, சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். மருத்துவரிடம் "கழுத்தை நெரிச்சார்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்கள் அதைத் தேடுவார்கள். "சண்டை" என்றால் தலையையும் கையையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கர்ப்பிணிக்கு வயிற்றில் உதை விழுந்தால் ரத்தப்போக்கு இல்லையென்றாலும் உடனே 108. நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து விலகி, ரத்தம் உள்ளேயே தேங்கலாம். குழந்தையின் அசைவு குறைவது, வயிறு கல்லாக இறுகுவது முக்கியமான அறிகுறிகள்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர், 20 நிமிடம். பேஸ்ட், இங்க், நெய் எதுவும் வேண்டாம். வளையல், மெட்டி, கழுத்தில் இருப்பது எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பலத்த தீக்காயத்தோடு வருகிறவரிடம் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவார். அந்த நேரத்தில் புகுந்த வீட்டார் யாரும் அறையில் இருக்கக் கூடாது. "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று சொல்ல வைப்பதற்குப் பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது நடக்கிறது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் சந்தேகமான முறையில் மரணம் நேர்ந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். குழுவினர் அங்கே போய்த் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

போட்டோ எடுப்பது பற்றி: முதலில் முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, பிறகு காயத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கன்றிப்போன இடம் முதல் நாள் லேசாகத்தான் தெரியும், அதனால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஃபில்டர் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

காட்பாடி_வழக்குரைஞர்:

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்று. எடுத்த போனையும் அழிக்காமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, படத்தையோ ஆடியோவையோ கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். மூலக் கோப்பு இருந்தால் அது எளிது.

வாலாஜாக்காரன்:

எல்லாம் சரி. ஆனா எடுத்த எடுப்பிலேயே கோர்ட், போலீஸ்னா குடும்பம் என்ன ஆகும்? பெரியவங்க, பஞ்சாயத்து, ஜமாத் எல்லாம் எதுக்கு இருக்கு? பொய்ப் புகார்ல மாமனார் மாமியாரையும் சேர்த்து உள்ளே வெச்ச காலமும் இருந்துச்சே. ஆம்பளைக்கு அடி விழுந்தா எங்க போறது? கோபப்படாம பதில் சொல்லுங்க.

காட்பாடி_வழக்குரைஞர்:

கோபம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணே.

கணவரோ புகுந்த வீட்டாரோ கொடுமைப்படுத்துவதற்கான பிரிவு முன்பு 498ஏ என்று சொல்லப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகள். மூன்று ஆண்டு வரை தண்டனை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014இலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணைக்கும் இடமுண்டு. ஆகவே புகார் கொடுத்த அன்றே மாமியார் ஜெயிலில் என்ற பயம் இன்றைக்குப் பொருந்தாது.

2005 சட்டம் முதலில் யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. "அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு" என்பதுதான் அதன் உத்தரவு. மாமியாரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல இந்தச் சட்டத்தில் வழியே கிடையாது. 19ஆம் பிரிவு ஒரு பெண்ணை வெளியேற்ற அனுமதிக்காது. குடும்பம் சிதையக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் இந்தச் சட்டத்தை முதலில் தேட வேண்டும். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். அம்மா, அக்கா, விதவையான அண்ணி, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் எல்லோருக்கும் உண்டு.

அடிபட்ட ஆணுக்கு இந்தச் சட்டம் இல்லை, உண்மை. ஆனால் காயம் ஏற்படுத்துவது யார் செய்தாலும் குற்றம், அவரும் ஏ.ஆர். பதிவு செய்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். பிள்ளைகளால் அடிபடும் வயதானவர்களுக்கு 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

வேலூர்_ஆலோசகர்:

பெரியவர்கள் பேசுவது பற்றி. யார் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைத்தது என்ற தகராறைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம். ஒருவரைக் கண்டு இன்னொருவர் பயந்து நடுங்கும் வீட்டில், இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவதே ஆபத்து. அவர் முன்னால் அவள் உண்மையைச் சொன்னால் ராத்திரி அதற்கும் சேர்த்து அடி. சொல்லாவிட்டால் "பாரு, அவளே ஒண்ணும் சொல்லலை" என்று முடித்துவிடுவார்கள். வன்முறை நிற்காத வரை கூட்டு ஆலோசனை கூடாது, தனித்தனியாகத்தான். பெரியவர்கள் உதவ நினைத்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி கை வைத்தால் நாங்களே சாட்சிக்கு வருவோம்" என்று சொல்லட்டும். அது உண்மையிலேயே பயன் தரும்.

எந்த வீட்டில் ஆபத்து முற்றியிருக்கிறது என்பதைக் குழு கண்டுகொள்ள இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கழுத்தை எப்போதாவது நெரித்தாரா? "கொன்னுடுவேன்" என்று சொன்னாரா, கத்தி அல்லது மண்ணெண்ணெய் கையில் எடுத்தாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? எங்கே போனாலும் பின்தொடர்கிறாரா, ஓயாமல் சந்தேகப்படுகிறாரா? "நீ போனா நான் செத்துடுவேன்" என்று மிரட்டுகிறாரா? கடந்த சில மாதங்களில் அடி அடிக்கடி விழுகிறதா, பலமாக விழுகிறதா? உறவில் நடந்த கொலைகளை ஆராய்ந்த ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் பேராசிரியர் உருவாக்கிய கேள்விப் பட்டியலில் இவை எல்லாம் உண்டு. ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பின்னால் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது அந்த ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. அதற்கு "ஆமாம்" என்ற பதில் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றையும் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும்: மிக ஆபத்தான நாட்கள் அவள் வீட்டை விட்டுக் கிளம்பும் நாட்களும், அதற்கடுத்த சில வாரங்களும்தான். பிடி நழுவுகிறது என்று அவருக்குத் தெரியும் நேரம் அது. அதனால் "இன்னிக்கே கிளம்பு, நாங்க பாத்துக்கறோம்" என்று உணர்ச்சிவசப்பட்டு இழுத்து வராதீர்கள். திட்டத்தோடு கிளம்ப வேண்டும், அவரிடம் சொல்லாமல் கிளம்ப வேண்டும்.

இதற்கு மேல் குடி. குடிக்காதவர்களும் அடிக்கிறார்கள், குடிக்கிறவர்களில் பலர் அடிப்பதில்லை. குடி அடியைக் கொடூரமாக்கும், ஆனால் குடியை நிறுத்தினால் அடியும் தானாக நின்றுவிடும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. நம் பக்கத்தில் கணவருக்குத் தெரியாமல் குடி நிறுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது நடக்கிறது. தயவுசெய்து இதைக் குறிப்பில் சேருங்கள்: அது டைசல்ஃபிராம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவருக்குத் தெரியவந்தால் அதுவே பெரிய அடிதடி. தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில், அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு சிகிச்சை. 14416 என்ற போன் எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.

குடியாத்தம்_ஊக்குநர்:

ஆலோசகர் சொன்ன கேள்விகளைப் பத்திரமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தத் "திட்டம்" என்ன என்று கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலும் "அங்கேயே இருக்கேன்" என்பவர்கள்தான்.

வேலூர்_ஆலோசகர்:

இருக்கிறேன் என்பவளுக்கும் திட்டம் வேண்டும். அவள் முடிவை மதியுங்கள், திட்டாதீர்கள். குழு திட்டினால் அடுத்த முறை குழுவிடமும் சொல்ல மாட்டாள். தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அப்படியிருக்க, உங்களிடம் ஒருத்தி வாய் திறக்கிறாள் என்றால் அதுவே பெரிய நம்பிக்கை.

சண்டை மூளும்போது அடுப்படியில் நிற்கக் கூடாது, கத்தி, எண்ணெய், கேஸ் எல்லாம் அங்கே. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடவும் கூடாது, தப்ப வழியில்லை. தெருப்பக்கக் கதவு இருக்கும் இடத்துக்கு நகர வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவரோடு சைகை ஒன்று பேசி வையுங்கள்: திண்ணையில் கவிழ்த்த குடம், அல்லது மகள் வந்து "தயிர் இருக்கா அத்தை" என்று கேட்பது. அந்தச் சைகை வந்தால் 112க்குப் போன் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியது: நடுவில் விழுந்து தடுக்காதே, வெளியே ஓடு. அம்மாவைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகள் அடிபடுவது நிறைய நடக்கிறது.

சத்தம் கேட்கும் அக்கம்பக்கத்தார் அடிதடியில் இறங்க வேண்டாம். கதவைத் தட்டி, "தண்ணி வந்துடுச்சு, பிடிக்கலையா?" என்று கேட்டாலே அந்த நிமிடத்து அடி நின்றுவிடும். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது (4ஆம் பிரிவு).

காகிதங்கள்: ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று அல்லது பத்திரிகை, நகை ரசீது, நகை போட்டிருக்கும் கல்யாண ஆல்பத்தின் படங்கள், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பி.எஃப். எண், மருந்துச் சீட்டு. அசலை ஒரே நாளில் காணாமல் போகச் செய்தால் அவருக்குச் சந்தேகம் வரும். முதலில் நகல், கிளம்பும் அன்று அசல். இவற்றை வைக்கும் பை அம்மா வீட்டில் வேண்டாம், அவர் முதலில் தேடுவது அங்கேதான்.

கையில் காசு இல்லாமலும் கிளம்ப முடியும், அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசினால் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். ஐந்து நாள் வரை தங்கலாம், அதற்கு மேல் தங்க அரசு இல்லங்களுக்கு அனுப்புவார்கள். வளர்ந்த மகன் கூட வருகிறான் என்றால் வயதைப் போனிலேயே சொல்லிக் கேளுங்கள். வயது வரம்பு உண்டு, ராத்திரி வாசலில் வந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

போன்: பேசிய பிறகு 181, 112 எண்களைக் கால் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் போனை வாங்கி ஜிமெயில் போட்டுக் கொடுத்தது அவர் என்றால், இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் இரண்டையும் பாருங்கள். ஆனால் வீட்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் துண்டித்தால் அவர் உஷாராகிவிடுவார். முக்கியமான பேச்சுக்கு இன்னொருவர் போன். கிளம்பும்போது பழைய போனை அணைத்துவிட வேண்டும்.

தோல்பதனி_தோழர்:

பணத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் சம்பளம் பெண்ணின் கணக்கில்தான் விழுகிறது, ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே கதி. அவள் சம்பாத்தியத்தைப் பிடுங்குவதும், நகையை அவள் சம்மதமின்றி அடகு வைப்பதும், வேலைக்குப் போகாதே என்று தடுப்பதும் 2005 சட்டத்தின் 3ஆம் பிரிவில் பொருளாதார வன்முறை. அடி இல்லாவிட்டாலும் மனு போடலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது வேறு வங்கியில், அல்லது அஞ்சலகத்தில் 500 ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கு. கணக்குத் தொடங்குமுன் ஆதாரில் இணைந்திருக்கும் போன் எண் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் கணவருடையது. ஓ.டி.பி. அவருக்குப் போகும், அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிக்கொண்டு பிறகு வங்கிக்குப் போக வேண்டும். சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றும்படி கம்பெனியில் எழுதிக் கொடுப்பது கிளம்பும் வாரத்தில். முன்னாலேயே செய்தால் பழைய கணக்கில் பணம் விழாததை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவர் அடித்துக் கடன் எடுக்கச் சொல்வதும், தவணை கட்ட முடியாமல் போனால் குழுவினர் வீட்டு வாசலில் வந்து கத்துவதும், அதற்கும் அவளே அடி வாங்குவதும் ஒரே சங்கிலி. கடன் கேட்பவளிடம் "இது உனக்கா?" என்று தனியாகக் கேளுங்கள். தவணை தவறினால் வீட்டு வாசலில் போய்க் கேட்காதீர்கள். உள்கடனில் (குழுவின் சொந்தப் பணத்திலிருந்து தரும் கடன்) தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உங்கள் குழுவுக்கே இருக்கிறது, தீர்மானம் போட்டால் போதும்.

அணைக்கட்டு_ஆசிரியை:

மலை ஊர்களையும் நினைவில் வையுங்கள். பீஞ்சமந்தைப் பக்கம் பல இடங்களில் சிக்னலே இல்லை, 181 போட முடியாது. அங்கே வழி ஆட்கள்தான்: கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி. யாராவது ஒருவர் எழுதி அனுப்பினால்கூடப் பாதுகாப்பு அலுவலர் ஏற்க வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். ஆனால் அது கூட்டமான இடம், ஊர்க்காரர் யாரேனும் பார்த்துவிடலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை நடுவில் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியிருந்தால், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது. "டி.சி. வாங்க அவரிடம்தான் போகணும்" என்று பயந்து பலர் கிளம்பாமல் இருக்கிறார்கள்.

குடியாத்தம்_ஊக்குநர்:

கடைசியாக ஒரு சந்தேகம், வழக்குரைஞர் சார். உத்தரவு வாங்கிய பிறகு அவளே மனம் மாறித் திரும்பி வாழப் போய்விட்டால், அந்த உத்தரவு செல்லாமல் போய்விடுமா? அவர் மீறினால் ஸ்டேஷனில் போய் என்ன சொல்வது?

காட்பாடி_வழக்குரைஞர்:

செல்லும். 25ஆம் பிரிவின்படி, அவள் ரத்து செய்யக் கேட்டு மனு போடும் வரை பாதுகாப்பு உத்தரவு உயிரோடு இருக்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் "அடிக்கக் கூடாது" என்பது அவரைக் கட்டும். அதனால்தான் அவர் தரப்பு முதலில் செய்யப் பார்ப்பது ரத்து மனுவில் அவள் கையெழுத்தை வாங்குவது. யார் நீட்டினாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மீறல் நடந்தால் உத்தரவு நகலோடு ஸ்டேஷனுக்குப் போய், இந்தத் தேதி, இந்த நேரம், உத்தரவின் இந்தப் பத்தியை மீறினார், 31ஆம் பிரிவில் வழக்குப் பதியுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். "குடும்பச் சண்டை" என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் மறுபடி சமரசத்துக்கு உட்கார வைப்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. வெறும் அந்த ரசீதோடு அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. வேறு ஊர் எல்லை என்று சொன்னாலும் புகாரைப் பதிந்து மாற்றி அனுப்ப வேண்டும். மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்திட்ட ஒரு பிரதி, அவர் அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உத்தரவின் நகல் அவளுக்கு இலவசம், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டே அனுப்பும் (24ஆம் பிரிவு). ஆனாலும் நான்கு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று கம்பெனி கேட் செக்யூரிட்டியிடம், ஒன்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம், ஒன்று சைகை பேசி வைத்த பக்கத்து வீட்டில், ஒன்று குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு.